பெட்டிக்குள் ஒரு கடவுச்சீட்டு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைக் குடியிருப்பில், எண்பதை நெருங்கிய ஒரு பாட்டியிடம் சில வருடங்களுக்கு முன் பேசிக்கொண்டிருந்தேன். தகரப்பெட்டியைத் திறந்து ஒரு கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். ஓரம் கரைந்து, உள்ளே பூஞ்சணம் பூத்திருந்தது. இளவயதுக் கணவனும் மனைவியும் கழுத்து விறைக்க நிற்கும் படம். “எந்த ஊரு பாட்டி உங்களுக்கு?” என்று கேட்டேன். “பொகவந்தலாவ” என்றார், இலங்கை மலையில் இருக்கும் அந்த இடத்தைப் பக்கத்து ஊரைச் சொல்வதுபோல. அவர் இந்தியாவுக்கு வந்து அப்போதே நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

‘குடியேறியவர்கள் வந்த நாட்டோடு ஒன்றிப்போக வேண்டும், பற்றைக் காட்ட வேண்டும்’ என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது.

1820-களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலைகளுக்குக் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வாரிசுகள், பாட்டியைப் போன்ற இவர்கள். காப்பி அழிந்து தேயிலை வந்தது. இவர்கள் அங்கேயே இருந்தார்கள். 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் எனப்பட்ட இவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி இவர்கள் பறித்த கொழுந்திலிருந்து வந்தது. 1947 தேர்தலில் இவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் இவர்களின் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அடுத்த ஆண்டே, சுதந்திரத்தின் ஈரம் காயுமுன், டி.எஸ். சேனநாயக்கவின் அரசு குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும்; அதையும் நிரூபிக்க வேண்டும். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் போய் நின்ற மனிதன் பூட்டனின் பிறப்புக்குச் சான்று எங்கே தேடுவான்?

1949-இல் இன்னொரு சட்டம் ஒரு வாசல் திறந்தது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். இடையில் ஓராண்டுக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். தாய்க்குச் சீக்கென்று போய், மழைக்கும் கடனுக்கும் மாட்டித் தங்கிப்போனவன் அத்தோடு அந்நியன். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுப் போட்டார்கள். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. மற்றவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அவர்களுக்குப் பற்று இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். எனக்கு இது ஆறாத கோபம். நான்கு தலைமுறை உழைப்பு பற்றாகக் கணக்கில் வரவில்லை. செத்தவர்களைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புதைத்ததும் வரவில்லை. காகிதம் மட்டும்தான் பற்று. அந்தக் காகிதத்தையும் அவர்களுக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் 1974-இல் அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பாகம் பிரிக்கும்போது ஆடுமாட்டைத்தான் இப்படி எண்ணுவார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று, கையெழுத்திடும் முன், அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை இறக்கிய ரயிலை அவர்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் நமக்கும் பங்கு உண்டு. ஒன்றிப்போவதற்கு மொழியும் மதமும் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். இங்கே வந்தவர்கள் பேசியது தமிழ், கும்பிட்டது மாரியம்மன், பாட்டன் ஊர் திருச்சிப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ. ஆனாலும் அவர்கள் ‘சிலோன்காரங்க’ ஆனார்கள். வந்த புதிதில் கடையில் ‘சவுக்காரம்’ கேட்டதற்குக் கடைக்காரரும் நின்றவர்களும் சிரித்ததைப் பாட்டி சொன்னார். சோப்பு என்று சொல்லப் பழகும்வரை மகளைத்தான் கடைக்கு அனுப்பினாராம். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். வேறுபாடு அவர்களுடைய இரத்தத்திலோ வழக்கத்திலோ இருந்திருந்தால் கடலைத் தாண்டியதும் அது தீர்ந்திருக்க வேண்டும். அது பார்ப்பவர்களின் கண்ணில் இருந்தது.

வந்தவன் மாற வேண்டும் என்று சொல்வதில் தவறே இல்லை என்பவர்கள் உண்டு. ஊர் மொழியைக் கற்பதும் சட்டத்துக்கு அடங்குவதும் நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் அவன் எவ்வளவு மாறினாலும் போதாது என்று வைத்துக்கொண்டு, பற்று எங்கே என்று கேட்பது கொடுமை. பற்று மனிதனுக்குள் ஊறுவது. வாக்கும் வீடும் உரிமையும் கொடுத்தவர்கள்தான் அதைக் கேட்க முடியும்.

அங்கே தங்கிவிட்டவர்களில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-இல் ஒரு சட்டம் குடியுரிமை கொடுத்தது. அதற்கு வைத்த தகுதி, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்தவர்களும் அவர்கள் வாரிசுகளும். அதே தேதி. இடையில் முப்பத்தொன்பது வருடம்.

“திரும்பிப் போய்ப் பாக்கணும்னு தோணலையா?” என்று பாட்டியிடம் கேட்டேன். “மூத்தவன அங்கதான் பொதச்சிருக்கு” என்றார். கொழுந்து கிள்ளிக் கறுத்துக் காய்த்த விரலால் படத்தைத் துடைத்தார். பேரன் பேத்திக்கெல்லாம் வாக்காளர் அட்டை இருக்கிறது, ஆதார் இருக்கிறது. காலாவதியாகிப் பல வருடமான இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றேன்.

அவர் அதைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்து மூடிவிட்டுச் சொன்னார்:

“யாராச்சும் வந்து கேப்பாங்க தம்பி.”