எந்த நூல், எந்தச் சேலை

என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன ஆடியில் சேந்தமங்கலத்தில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மருத்துவமனைக் கோப்பு. அத்தை மகனைக் கட்டிக்கொண்டு ஆறு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. பத்து நாள் ஊசி போட்டுக் கருமுட்டை எடுத்தபோது இரண்டுதான் கிடைத்தன. கோப்பில் மருத்துவர் 'புவர் ரெஸ்பாண்டர்' என்று எழுதியிருந்தார்.

"இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுங்க மேடம்? அத்தை கேட்டுட்டே இருக்காங்க."

மோசமாகப் பதில் சொல்பவள் என்றுதான் நேராக வரும். சொன்னேன்.

"அதைத்தான் அவங்க ஆறு வருசமாச் சொல்லிட்டிருக்காங்க" என்று சிரித்தாள்.

இந்தச் சொல்லோடு மருத்துவர்களுக்கும் சங்கடம் உண்டு. 2011இல் வெளியான போலோன்யா வரையறை, நாற்பது வயதை எட்டியிருப்பது, மூன்றோ அதற்குக் குறைவாகவோ முட்டை கிடைத்திருப்பது, சினைப்பையில் இருப்புக் குறைவு ஆகியவற்றில் இரண்டு இருந்தால் ஒருத்தியை இப்படி அழைக்கலாம் என்றது. 2016இல் பொசைடான் என்ற குழு அதை மாற்றி 'குறைந்த வாய்ப்பு' என்று சொல்லலாம் என்றது. எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. இவள் கோப்புக்கு அது வந்து சேரவில்லை.

பதில் என்றால் கேள்வி ஒன்று இருக்க வேண்டும். இங்கே கேள்வி, ஊசியில் ஏற்றப்படும் எஃப்.எஸ்.எச். என்ற இயக்குநீர். அதை வாங்கிக்கொள்ளும் புரதத்தின் 680ஆவது இடத்தில் சிலருக்கு ஆஸ்பராஜின் இருக்கும், சிலருக்கு செரின். இரண்டு பிரதியிலும் செரின் உள்ளவர்களுக்கு மருந்து சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்று 2000த்திலிருந்து ஆய்வுகள் சொல்லிவருகின்றன. இருப்பின் கணக்கு அதற்கும் முன்னால் தொடங்குகிறது. தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு அறுபது எழுபது லட்சம் கருமுட்டைகள். பிறக்கும்போது பத்து இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அவள் இருந்த விரதமோ, மாமியாரை எதிர்த்துப் பேசியதோ இந்தக் கணக்கில் எங்கும் சேர்வதில்லை.

இவளுக்கு மரபணுச் சோதனையும் செய்திருந்தார்கள். எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்றொரு மரபணு. அதில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வரும். 55 முதல் 200 முறை வரை வந்தால் அந்தப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோகிறது. இவள் அந்தக் கணக்கில் இருந்தாள்.

அத்தை இதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். "அவங்கம்மா வம்சம் அப்படி. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை." அம்மாவையும் சோதித்துப் பார்த்தார்கள். அம்மாவுக்கு இல்லை. அப்படியானால் இறந்துபோன அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. அப்பாவுக்கு இருந்த ஒரே எக்ஸ், அவருடைய தாயான அப்பத்தாவிடமிருந்து வந்தது. அந்த அப்பத்தா பெற்ற மகள்தான் இந்த அத்தை. பழி சொல்லப்பட்ட நூல் பழி சொன்னவர் உடம்பிலேயே இருக்கலாம். இரண்டில் ஒரு வாய்ப்பு.

இதைக் காகிதத்தில் கோடு போட்டு அவளுக்கு விளக்கியபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. 'போய் உன் அத்தையிடம் சொல்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகுதான் வெட்கமாக இருந்தது. மலடி என்ற சொல்லை ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கி எழுபது வயதுப் பெண்ணின் தலையில் வைக்கப் போகிறேனா? மரபணு யாரும் செய்த காரியமில்லை. செய்யாத காரியத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது?

அவள் என்னிடம் வந்த காரணமும் வேறு. அவளுக்கு ஒரு தங்கை, வயது 24. வரன் பார்க்கிறார்கள். தகப்பனின் எக்ஸ் எல்லா மகள்களுக்கும் போகும் என்பதால் தங்கைக்கும் இது நிச்சயம் உண்டு. சினைப்பை ஓய்வது ஐந்தில் ஒருவருக்குத்தான் என்றாலும், அவள் பெறும் பிள்ளைக்கு இந்த எண்ணிக்கை 200ஐத் தாண்டிப் பெருகி அறிவு வளர்ச்சியைப் பாதிக்கவும் கூடும். முன்பே தெரிந்தால் செய்துகொள்ளச் சில வழிகள் இருக்கின்றன. அம்மா சொல்கிறார்: "சின்னவளுக்கு வரன் வர்ற நேரம். யாரும் வாயைத் தெறக்கக் கூடாது."

அம்மாவின் பயம் பொய்யில்லை. சொந்தத்தில் பெண் எடுக்கும் ஊரில் ஒரு வீட்டுச் செய்தி ஒரு தெருவின் செய்தி. பத்துப் பொருத்தத்தில் மகேந்திரப் பொருத்தம் பிள்ளைப் பேற்றுக்கென்றே இருக்கிறது. இது பதினோராவது பொருத்தமாகிவிடும். ஆனாலும் அவளுடைய உடம்பைப் பற்றிய செய்தி அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. தங்கையிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்பதை முடிவு செய்யவேண்டியவள் தங்கை. கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். அவனும் விந்தணுச் சோதனை முடிவோடு வந்து உட்கார்ந்தால் இதை இன்னும் தைரியமாகச் சொல்வேன்.

மருத்துவர் இவளுக்குக் காட்டியிருக்கும் அடுத்த வழி, தானமாகப் பெறும் கருமுட்டை. கோழிமுட்டைக்குத் தினமும் விலை அறிவிக்கும் மாவட்டம் நாமக்கல். பக்கத்து ஈரோட்டில் 2022 ஜூனில் வெளிவந்த வழக்கை இங்கே யாரும் மறக்கவில்லை. 16 வயதுச் சிறுமியின் வயதைப் பொய் ஆதாரில் கூட்டிக் காட்டி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்றிருந்தார்கள். பெற்ற தாயும் கைதானார். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தானம் தருபவருக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்தச் சிறுமியின் கோப்பில் எழுதியிருந்தால், 'நல்ல பதில்' என்று எழுதியிருப்பார்கள். இவள் அதைச் சொல்லி, "எனக்கு வர்றது யாரோடதுன்னு எப்படிங்க மேடம் தெரியும்?" என்று கேட்டாள். சட்டப்படி நடக்கும் இடங்களும் உண்டு என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஃபோன் செய்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் தங்கையிடம் சொல்லிவிட்டாளாம். தங்கை அழவில்லையாம். காகிதம் வாங்கி அவளும் கோடு போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அத்தைக்கு இருந்தா அவங்க பொண்ணுக்கும் இருக்கலாமில்லீங்களா மேடம்? என் நாத்தனாருக்குப் போன மாசம்தான் நிச்சயம் ஆச்சு. அவகிட்டயும் சொல்லணும்னு தங்கச்சி சொல்றா."

"நீ என்ன சொன்னே?"

"ஆறு வருசம் என்னைப் பேசின வீடுங்க மேடம். நான் போய்ச் சொன்னா பழி தீர்க்கறேன்னுதான் நினைப்பாங்க." கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். "அந்தப் புள்ள என்னை ஒண்ணும் சொன்னதில்லை."