அவையில் ஓர் ஆசனம்

புதிய மருந்தொன்று மக்களின் பயன்பாட்டிற்கு வருமுன் மனிதர்மீதே சோதிக்கப்பட வேண்டியுள்ளது. அச்சோதனை அறத்தோடு பொருந்தியதா எனத் தீர்மானிக்கும் பொறுப்பு யாருக்குரியது? மருத்துவம் கற்றவர்க்கே உரியது என்று சொல்லிவிடத் தோன்றும். நம் நாட்டுச் சட்டமோ அவ்வாறு சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளின்படி, இத்தகைய திட்டங்களை ஆராய்ந்து இசைவளிக்கும் அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் சாமானியராக இருத்தல் வேண்டும். ஐவரேனும் கூடினாலன்றிக் குழு முடிவெடுக்க இயலாது. அவ்வைவருள்ளும் சாமானியர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

தாம் கல்லாத துறையில் கருத்துரைக்க ஒருவரை ஏன் அழைக்கிறோம்? கம்மம் மாவட்டத்து நிகழ்ச்சி இதற்கு விடை கூறும். அன்று ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த அம்மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி குறித்த ஆய்வொன்று 2009-இல் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான சிறுமியர்க்கு ஊசி போடப்பட்டது. அவருட் பலர் விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடிப் பிள்ளைகள். 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களுள் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர் என்பதை 2013-இல் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று.

தடுப்பூசியின் தகுதியைப் பற்றி நாம் ஈண்டு வழக்காடவில்லை. பெற்றோர் ஓரூரில், மகள் வேறோரூரில். அவ்வாறாயின் இசைவு தருவது யார்? இவ்வினாவை எழுப்ப மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. பிள்ளையை விடுதியில் விட்டுத் திரும்பிய எந்தத் தாயும் இதனை உடனே கேட்டிருப்பாள். அத்தாயின் கேள்வி அவையேற வேண்டும் என்பதற்காகவே அந்த ஆசனம்.

ஆனால், ஆசனம் அளித்ததோடு நம் கடமை தீர்ந்ததா? கட்டுக்கட்டாக ஆங்கிலத் தாள்கள், சுற்றிலும் பேராசிரியர்கள், நூறு பக்கங்களைப் படிக்க இரண்டே நாட்கள். இந்நிலையில், 'எனக்கு இது விளங்கவில்லை' என்று சொல்ல எவர்க்கும் நாக் கூசும். அவர் வாய் திறவாமல் கையெழுத்திடுகிறார்; அம்மௌனம் சம்மதமாகக் குறிக்கப்படுகிறது. விளங்காத தாளில் நோயாளியிடம் கையொப்பம் பெறுதல் தவறு என்று விதிக்கவந்த குழு, தன் உறுப்பினரிடமே அத்தவற்றை இழைக்கிறது. இதனினும் பெரிய முரண் வேறொன்றில்லை.

அவர்க்குப் பயிற்சியளித்தால் அவரும் பாதி மருத்துவராகி, சாமானியரின் பார்வையை இழந்துவிடுவாரே என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. அவையின் மொழியைக் கற்றவர் நாளடைவில் அவையின் மனத்தையும் பெற்றுவிடுதல் உலகியற்கை. ஆதலின் எதனைக் கற்பிப்பது என்பதில் தெளிவு வேண்டும். அவர்க்குரிய உரிமைகளையும், ஆய்வு நடக்கும் முறையையும், ஆபத்தை எடைபோடும் வழியையும் சொல்லித் தருவோம். எதைக் கண்டு கவலைகொள்வது என்பதை அவரே அறிவார். அதில் நாம் தலையிட வேண்டா.

செய்யத்தக்கவை அரியனவல்ல. திட்டத்தின் சுருக்கம் அவர்க்குத் தெரிந்த மொழியில், போதிய நாட்களுக்கு முன்பே கிடைக்கட்டும். ஒப்புதல் படிவத்தைப் பற்றி முதலிற் பேசுமாறு தலைவர் அவரையே அழைக்கட்டும். தனித்து அமர்பவர்க்குத் துணையாக மற்றுமொரு சாமானியர் இருக்கட்டும். கூலியை இழந்து வருபவர்க்கு அவ்விழப்பும் வழிச்செலவும் ஈடு செய்யப்படட்டும். அவர் மறுத்துரைத்தால் அம்மறுப்பு நடவடிக்கைக் குறிப்பில் அவ்வாறே இடம்பெறட்டும்.

பிறந்த மண்ணை விட்டு வேற்றுமொழி வழங்கும் நகரங்களுக்கு வந்த நம்மில் எத்தனையோ பேர், மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் புரியாத படிவத்தில் கையெழுத்திட்டு வந்திருக்கிறோம். 'ஐயா, இதன் பொருள் என்ன?' என்று நமக்காகக் கேட்க அன்று ஒருவர் அருகில் இருந்திலர். அக்குழுவில் அமரும் சாமானியர் அத்தகைய ஒருவர். அவர் துணிந்து கேட்கும் நிலையை உண்டாக்குதல் அவர்க்கு நாம் செய்யும் உபகாரமாகாது. முன்பின் அறியாத ஒரு நோயாளிக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.