நிறம் அறியாத சாட்சி

பொய் சொல்லாதவன் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடுமா? 19-ஆம் நூற்றாண்டில் ஓவியங்களைப் புகைப்படமாக நகலெடுத்தவர்களின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

அதற்குமுன் பெரும் ஓவியங்களின் நகல் என்பது, பெரும்பாலும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படமே. செதுக்கியவரின் கையும் இரசனையும் அதில் கலந்தே வந்தன. ஆகவே, ஒளியே வரையும் படம் பழுதற்ற சாட்சியாகத் தோன்றியது இயல்பே. அல்சாசுப் பகுதியின் தோர்னாக் ஊரிலிருந்து தொழில் நடத்திய அடோல்ஃப் பிரவுனின் நிறுவனம் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் ஓவியங்களைப் படமெடுத்தது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய விதான ஓவியங்களையும் எடுத்தது. ஜோசப் சுவான் 1864-இல் காப்புரிமை பெற்ற கரிமுறையில் அச்சிட்டதால் அப்படங்கள் வெளிறாமல் நிலைத்தன.

ஆயினும் அச்சாட்சிக்கு ஒரு குறை இருந்தது. 1851 முதல் வழக்கிற்கு வந்த கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியையே நன்கு உணர்ந்தது. மஞ்சளையும் சிவப்பையும் ஏறத்தாழ உணரவேயில்லை. மரியன்னையின் நீலப் போர்வை வெளுத்தது. செந்நிற அங்கி இருண்டது. காலத்தால் மஞ்சளித்த வார்னிஷ் படிந்த ஓவியங்களோ மேலும் கருத்தன.

தகடு பொய் சொல்லவில்லை. தான் கண்டதையே சொன்னது. தான் காணாத ஒன்று உண்டு என்பதை மட்டும் அது அறியாது. அறிந்தவர் மனிதர். சிலர் எதிர்ப்படத்தைத் தூரிகையால் திருத்தினர். சிலர் ஓவியத்தை விட்டு, அதன் கறுப்பு வெள்ளை அச்சுப்படத்தையே படமெடுத்தனர். இவர்களை நாம் உடனே தீர்ப்பிடலாகாது. குறையை ஈடுசெய்யும் கை உண்மைக்குத் துணையாகலாம். கை படவேயில்லை என்று சொல்லி விற்பதே பொய்.

1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் பச்சை, மஞ்சள் ஒளியையும் அது உணரும் எனக் கண்டறிந்தார். சிவப்பையும் உணரும் தகடுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடைகளுக்கு வந்தன.

அயலாரைப் பற்றிப் பேசுகையில், "கண்டதைத்தானே சொன்னேன்" என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம். அவர் எழுப்பிய குரல் நம் மனத்தகட்டில் பதிந்துவிடுகிறது. அக்குரலுக்குப் பின்னிருந்த துயரம் பதிவதில்லை. பின்னர் அவ்வரைகுறைப் படத்தையே அவரது உண்மை முகமென ஊராருக்குக் காட்டுகிறோம். கண்ணாடித் தகட்டுக்குத் தன் குறையை அறியும் ஆற்றல் இல்லை. ஆதலால் அதன்மேல் பழியும் இல்லை. நமக்கோ அந்த ஆற்றல் அருளப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, நாவை அசைக்குமுன், "இவரிடம் நம் கண்ணுக்குப் படாத நிறம் எது?" என்று ஒருகணம் கேட்டுக்கொள்வது நம் கடன் அன்றோ?