பந்தி விசாரிக்கும் ஊழியம்



ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் முணுமுணுப்பு எதைப் பற்றியது, தெரியுமா? உபதேசத்தைப் பற்றியதல்ல, சாப்பாட்டைப் பற்றியது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் அன்றாடம் நடந்த பகிர்வில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். "சோற்றுக்காகவா சண்டை?" என்று அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். கேட்ட தகுதி என்ன? நற்பெயர், ஞானம், பரிசுத்த ஆவியின் நிறைவு. பிரசங்க பீடத்தில் ஏறுவதற்கா? இல்லை, பந்தி விசாரிப்பதற்கு! சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானும் அந்த ஏழு பேரில் ஒருவர்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே சபை அகப்பையைக் கொடுத்துவிட்டது போலும். அதன்பின் வசனம் பரவியது, சீஷர்கள் பெருகினார்கள்.

விடுபட்டவர்களை நினைத்த ஒரு பிற்காலச் சபையையும் பாருங்கள். லண்டனில், டிரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில், செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. 1914-இல் அங்கே குருவாக வந்தவர் டிக் ஷெப்பர்ட். அது முதல் உலகப் போர்க்காலம். பிரான்சின் போர்முனைக்குப் போகிற சிப்பாய்களுக்காக அவர் ஆலயக் கதவைத் திறந்து வைத்தார். ஒருகாலத்தில் இறந்தோரை அடக்கம் செய்த நிலவறை, உயிரோடிருப்பவர்கள் இளைப்பாறும் இடமாயிற்று. பிறகு வீடற்றவர்கள் வந்தார்கள், கதவு மூடப்படவில்லை. வீடற்றோருக்காகப் பாடுபடும் 'ஷெல்டர்' அமைப்பு 1966 டிசம்பரில் அந்த ஆலயத்தில்தான் தொடங்கப்பட்டது.

ஏழைக்குக் கஞ்சி ஊற்றப் போனால் ஆராதனை குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆனால் பிபிசி வானொலி ஓர் ஆலயத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பிய முதல் ஆராதனை, 1924 ஜனவரி 6 அன்று, இதே செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில் நடந்ததுதான். தெருவில் கிடப்பவனுக்குக் கதவைத் திறந்த சபையின் ஜெபம், வாசலுக்கே வராதவர்களின் வீடுகளுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.

நாமோ கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை, ஒரு பிரியாணிப் பொட்டலம், கூடவே ஒரு போட்டோ என்று முடித்துக்கொள்கிறோம். வாங்குகிறவருக்கு என்ன தேவை என்று யார் கேட்டோம்? கொடுப்பதை நாம் முடிவு செய்கிறோம். குனிந்து வாங்குவது மட்டும் அவர்கள் பங்கு. ஆதிச் சபை காட்டிய வழி இதுவல்ல.

ஆகவே பிரியமானவர்களே, அடுத்த முறை சபைக் கமிட்டி கூடும்போது, கோபுரத்துக்கு வர்ணம் பூசும் கணக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நம் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுபட்டவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். அவர்களில் இருவரை அழைத்து, உங்களோடு சரிசமமாக உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திட்டம் போடுங்கள். பரிமாறும் பொறுப்பையும் அவர்களுக்கே கொடுங்கள்.