தள்ளப்பட்டவற்றின் தோட்டம்

கல் விளையாத வண்டல் நாடு நம் தஞ்சைத் தரணி. ஆயினும் நம் முன்னோர் வெளியிடங்களிலிருந்து கருங்கல் கொணர்ந்து பெரிய கோவிலை எழுப்பினர். சுவாமிமலைச் சிற்பிகளோ காவிரியின் வண்டல் மண்ணில் அச்சு அமைத்து இன்றும் ஐம்பொன் சிலைகளை வார்க்கின்றனர். தேர்ந்த பொருளால் தேர்ந்த கலையைப் படைப்பது நாம் அறிந்த மரபு. ஆகாதென்று எறியப்பட்டவற்றால் எழுந்த கலையையோ, சில ஆண்டுகளுக்குமுன் சண்டிகர் நகரில்தான் கண்டோம்.

அங்குள்ள பாறைத் தோட்டத்தை உருவாக்கியவர் நேக் சந்த். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றியவர். புதிய நகருக்காகச் சிற்றூர்கள் இடிக்கப்பட்டபோது மிஞ்சிய உடைந்த வளையல்கள், பீங்கான் சில்லுகள், மின்சாதனக் கழிவுகள், ஆற்றுக் கற்கள் ஆகியவற்றைச் சேகரித்தார். அரசின் காட்டு நிலத்தில், எவரும் அறியாமல், ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் உழைத்து, மனிதரும் விலங்கும் பறவையுமாக உருவங்களைச் செய்து மரங்களிடையே நிறுத்தினார்.

உண்மை வெளிப்பட்டபோது அதிகாரிகள் முன் ஓர் அறக்கேள்வி எழுந்தது. அவர் சட்டத்தை மீறியவர், ஐயமில்லை. காட்டைக் காக்கும் சட்டமும் நல்ல சட்டமே. ஆனால் அவர் காட்டை அழிக்கவில்லை. தமக்கென ஒரு காசும் தேடவில்லை. சட்டம் எந்த நன்மைக்காக இயற்றப்பட்டதோ, அந்த நன்மை அங்குக் கெடவில்லை. எனவே இடிப்பதற்குப் பதில், அத்தோட்டத்தின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தனர். ஊதியமும் ஐம்பது தொழிலாளரும் தந்தனர். 1976-இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் 2015-இல் மறைந்தார், தோட்டம் நிலைத்திருக்கிறது.

வளையல் துண்டுகளால் ஆடை உடுத்திய பெண்ணுருவங்களின் வரிசைமுன் நின்றபோது, நம் பங்கின் மூதாட்டி ஒருவரின் முகம் நினைவில் எழுந்தது. நாற்பது ஆண்டுகள் சேற்றில் நின்று நாற்று நட்டவர். நடவு இயந்திரம் வந்தபின் அவரை அழைப்பார் இல்லை. ஒருநாள் அவர் நம்மிடம் வந்து, "சாமி, கோவில்ல ஏதாச்சும் வேலை இருந்தா குடுங்க" என்றார். "இந்த வயதில் உமக்கு என்ன வேலையம்மா?" என்று சொல்லி, அரிசி கொடுத்து அனுப்பினோம். அன்று அதனை இரக்கம் என்றே எண்ணினோம். அவர் கேட்டதோ அரிசியன்று.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். உடைந்த வளையலுக்குக் கலைஞனின் கை மதிப்பைத் தருகிறது. மனிதருக்கோ மதிப்பை நாம் தர வேண்டியதில்லை. படைத்தவர் அதனை முன்னரே தந்துவிட்டார். காண்பதும் இடமளிப்பதுமே நம் கடமை. சில்லுகளுக்கும் ஓர் இடம் கண்டார் அந்தச் சாலை ஆய்வாளர். மறைநூல் கற்ற நாமோ, நம் வாயிலில் நின்ற ஒருவருக்கு இடம் காணவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மூதாட்டியைத் தேடிச் சென்றோம். இன்று பீடத்தின் பூக்களை அவரே தொடுக்கிறார். கோவில் முற்றத்தில் சிறுமியர்க்கு நடவுப் பாட்டும் கற்றுத் தருகிறார். அன்பர்களே, உங்கள் வாயிலில் நிற்பவர் யார்?