பிறவாதவர்க்குப் பட்ட கடன்

செல்வத்தைப் பெருக்கும் வித்தையைக் கற்பிக்கின்ற ஒரு கலாசாலை, அந்தச் செல்வம் யாருடைய நஷ்டத்தில் பெருகுகிறது என்ற கேள்வியையும் தன் பாடத்திட்டத்துள் அடக்கிக் கற்பித்துவிட முடியுமா என்பது, வணிக நிர்வாகம் போதிக்கும் பல்கலைக்கழகங்கள் யாவற்றின் முன்னும் இன்று நிற்கும் வினா. வினா புதியதன்று. அறம் கற்பிக்கத்தக்கதா, பயிற்சியால் வருவதா, அன்றிப் பிறவியிலேயே அமைவதா என்று மேனோன் என்ற இளைஞன் சாக்ரடீஸைக் கேட்பதிலிருந்தே பிளேட்டோவின் உரையாடல் ஒன்று தொடங்குகிறது. உரையாடல் முடிந்த பின்னும் வினா முடிந்தபாடில்லை. ஆயினும் நம் காலத்துக் கலாசாலைகள் விடை கண்டுவிட்டவை போலவே காரியத்தில் இறங்கியிருக்கின்றன. 2007-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் பொறுப்புள்ள நிர்வாகக் கல்விக்கென்று கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. நிதி நெருக்கடி உலகை உலுக்கியதற்கு அடுத்த ஆண்டில், 2009-இல், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பட்டம் பெற்று வெளியேறிய மாணவர்களுள் பலர், மருத்துவர்கள் எடுப்பதைப் போலத் தாங்களும் ஒரு பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டிலோ 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டுமென்று விதித்தது. வணிக அறமும் வளங்குன்றா வளர்ச்சியும் எம்.பி.ஏ. வகுப்புகளில் தனித் தாள்களாக இடம்பெறலாயின.

இம்முயற்சிகளில் உள்ள நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அறத்தை ஒரு தனித் தாளாக ஒதுக்கி வைத்த ஏற்பாட்டையே சந்தேகிக்கிறேன்.

நிதி நிர்வாகம் கற்கும் மாணவன் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வது நிகழ்கால மதிப்பு என்ற கணக்கு. பிற்காலத்தில் வரப்போகும் ஒரு தொகை இன்று என்ன பெறும் என்பதை, ஒரு கழிவு வீதத்தைக் கொண்டு ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டே வந்து கண்டுபிடிக்கும் முறை அது. வீதம் 5 சதவிகிதமென்றால், 100 ஆண்டுகளுக்குப் பின் வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 76 பைசா. 10 சதவிகிதமென்றால் ஒரு பைசாகூடத் தேறாது. ஆலை கட்டலாமா, சுரங்கம் வெட்டலாமா என்ற தீர்மானங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கின் வழியாகவே நடைபெறுகின்றன. அடுத்த மணியில் அதே மாணவன் வேறொரு வகுப்பில் அமர்ந்து, 1987-இல் புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை வகுத்த இலக்கணப்படி, பின்வரும் தலைமுறையினரின் ஆற்றலைக் குலைக்காத வளர்ச்சியே வளங்குன்றா வளர்ச்சி என்று குறித்துக்கொள்கிறான். முதல் வகுப்பில் தன் கொள்ளுப்பேரனுக்கு நேரவிருக்கும் 100 ரூபாய் நஷ்டத்தை 76 பைசாவாக எழுதியவன், இரண்டாம் வகுப்பில் அந்தக் கொள்ளுப்பேரனைத் தனக்குச் சமானமாக மதிக்க வேண்டுமென்று படிக்கிறான். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டைத் தீர்த்துவைப்பது எந்த ஆசிரியருக்கும் உரிய பாடமாக இல்லை. உத்தியோகத்தில் அமர்ந்தபின் அவன் நாள்தோறும் பிரயோகிக்கப்போவது எந்த வகுப்பின் பாடத்தை என்று சொல்ல வேண்டியதில்லை.

கழிவு வீதத்துக்கு நியாயம் இல்லாமற் போகவில்லை. இன்று 76 பைசாவை 5 சதவிகித வட்டிக்கு விட்டுவைத்தால் 100 ஆண்டுகளில் அது 100 ரூபாயாக வளர்ந்து, நஷ்டமடைந்தவனுக்கு ஈடு செய்துவிடும் என்பது அந்த நியாயம். தர்க்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் அந்த 76 பைசாவை எடுத்து அவன் பெயரில் வைத்தவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. வைத்திருந்தாலும், வறண்டுபோன ஓர் ஊற்றை அப்பணம் மீண்டும் வாங்கித் தருமா என்று கேட்டாலும் பதில் இல்லை. பொருளாதார அறிஞர்களிடையேயும் இதைக் கண்டு மனம் உறுத்தியவர்கள் உண்டு. 26 வயதிலேயே மறைந்த கேம்பிரிட்ஜ் மேதை ஃபிராங்க் ராம்ஸே, 1928-இல் எழுதிய கட்டுரையொன்றில், காலத்தால் பிந்தியது என்ற ஒரே காரணத்தால் பிறருடைய நலத்தைக் குறைத்து மதிப்பது அறத்தின் முன் நிற்காதென்றும், கற்பனைக் குறைவே அதற்கு மூலமென்றும் கருதினார். 2006-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காகத் தட்பவெப்ப மாறுதல் பற்றி அறிக்கை அளித்த நிக்கலஸ் ஸ்டெர்ன் அந்த மரபைத் தழுவி, சுமார் 1.4 சதவிகித வீதத்தைக் கையாண்டார். அதன்படி அந்த 100 ரூபாய் இன்று சுமார் 25 ரூபாய் பெறும். மனிதர்கள் சந்தையில் உண்மையாக நடந்துகொள்ளும் முறைக்கு இது ஒவ்வவில்லையென்று பொருளாதார அறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸ் மறுத்துரைத்தார். வீதத்தைச் சிறிது அசைத்தால் 25 ரூபாய் 76 பைசாவாகிவிடுகிறது. அந்த அசைவைத் தீர்மானிப்பதோ, கண்காணாத மனிதனுக்கு நாம் எத்துணைக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற நம் நம்பிக்கை. சமய நூல்கள் ஆராய வேண்டிய விஷயம், இவ்வாறு ஒரு தசமப் புள்ளியின் பின்னால் அமர்ந்திருக்கிறது.

நிர்வாகிக்கு இத்தகைய கடமை உண்டு என்பதற்கு மறுப்பாக, பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970-இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையைக் காட்டுவோர் உண்டு. நிர்வாகி பங்குதாரர்களின் பணத்துக்குக் காவலன். சட்டத்துக்கும் சமூக வழக்கத்துக்கும் உட்பட்டு அவர்களுக்கு லாபம் ஈட்டித் தருவதே அவன் பொறுப்பு. பிறர் பணத்தைக் கொண்டு தான் தர்மம் செய்ய அவனுக்கு அதிகாரமில்லை என்பது அவர் வாதம். வகுப்புகளில் இவரைத் தூற்றுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது உடன்பாடில்லை. ஒப்படைத்தவனுக்குத் துரோகம் செய்யாதே என்ற பழைய தர்மமே அவர் வாதத்தின் உயிர். நான் கேட்பதெல்லாம் இன்னும் ஒரு படி: ஒப்படைத்தவர்களின் பட்டியல் பங்குதாரரோடு முடிந்துவிடுகிறதா?

இந்தக் கேள்வியைக் கணக்குப் புத்தகத்தின் வழியாகவே சென்று சந்தித்த ஒருவர் நம்மிடையே வாழ்ந்திருக்கிறார். 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தி, பின்னர் அமெரிக்கா சென்று ஸிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி இயலும் கற்ற ஜே. ஸி. குமரப்பாவையே சொல்கிறேன். இன்றைய எம்.பி.ஏ. மாணவன் எந்தப் பாதையில் நடக்கிறானோ அதே பாதையில், அவனுக்குப் பல பத்தாண்டுகள் முன்னால் நடந்தவர் அவர். பிரிட்டிஷ் இந்தியாவின் வரவு செலவுகளை ஆராயப் புகுந்த அவர், வரி யாரிடமிருந்து வந்தது, யாருக்காகச் செலவாயிற்று என்று பத்தி பத்தியாகத் தொடர்ந்து சென்றபோது, நாட்டின் வறுமைக்கு அந்த நிதிமுறையே ஒரு காரணம் என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார். 1929-இல் தாயகம் திரும்பி, அந்த ஆராய்ச்சியைக் கையிலேந்திக்கொண்டு காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் அவரைக் குஜராத் வித்தியாபீடத்துக்கு அனுப்ப, அங்கிருந்த மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகச் சென்று, குடியானவனின் வரவையும் செலவையும் கடனையும் வரியையும் எழுதினார். பல்கலைக்கழகத்து வணிகக் கல்வி அறத்தைச் சென்று தொடக்கூடிய வழி எதுவென்று என்னைக் கேட்டால், நான் சுட்டிக்காட்டுவது அந்த மாதர் தாலுகாவைத்தான். அங்கே அறத்துக்கென்று தனித் தாள் இல்லை; கணக்கைப் பாதியில் நிறுத்தாமல் கடைசிக் குடிசை வரையில் கொண்டு செல்லும் பிடிவாதமே இருந்தது.

பின்னர் ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது அவர் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று, இயேசுவின் வாழ்வையும் வாக்கையும் பற்றியது. மற்றொன்று, நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. ஒரே சிறையில், ஒரே மனிதரின் கையால் இவ்விரண்டும் பிறந்தன என்பதை வாசகர்கள் சிந்திக்க வேண்டும். இரண்டாவது நூலுக்கு 1945-இல் முன்னுரை எழுதிய காந்தியடிகள், கிராமத் தொழில்களின் டாக்டர் என்று அவருக்குப் பட்டம் சூட்டினார். இயற்கையில் ஐந்து விதமான ஜீவன முறைகள் உண்டென்று அதில் குமரப்பா வகுக்கிறார். பிறிதோர் உயிரைக் கொன்று, தன் உணவின் மூலத்தையே அழித்து வாழும் புலி; மரத்தை அழிக்காமல், ஆனால் தான் எதுவும் நட்டு வளர்க்காமல் கனியை மட்டும் பறித்துச் செல்லும் குரங்கு; தான் அனுபவிப்பதைத் தானே உழைத்துத் தேடும் பறவை; தன் கூட்டம் முழுவதற்கும் தேன் சேர்க்கும் தேனீ; பிரதிபலன் கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய். நிலக்கரியும் எண்ணெயும் போன்ற, எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் சேமிப்பை நம்பிய வாழ்வையும், நீரும் மரமும் போன்ற, ஓடிக்கொண்டும் தழைத்துக்கொண்டும் இருக்கும் வளத்தை நம்பிய வாழ்வையும் அவர் வேறுபிரித்தார். முன்னதில் பங்கு குறையக் குறையச் சண்டை மூளும் என்றும் கண்டார்.

இங்கே தத்துவ விசாரத்தில் பழகியவர்களின் ஆட்சேபம் ஒன்று எழும். உலகமே அநித்தியம் என்று பௌத்தமும் வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் தத்தம் நெறியில் கூறிவர, நிலைத்த பொருளாதாரம் என்று ஒன்றை நாடுவது மாயையை நித்தியமாக்க முயல்வதாகாதா? நிலையாமையை உணர்ந்தவன் நாளைய உலகத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? மேலோட்டமாகப் பார்த்தால் பலமான ஆட்சேபம்தான். ஆயின் நிலையாமையைப் பாடிய அதே நாட்டில், குமரப்பா பிறந்த அதே தஞ்சாவூரில், பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகள் வேறொரு விடை வைத்திருக்கின்றன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமென்று விரும்பியவர் 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்துவர வேண்டும். அவருக்குப் பிணையாக நின்றவர்களின் பெயரும் கல்லில் எழுதப்படும். இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடுகள் என்று குறிக்கின்றன. ஆடு சாகும் என்பதும் மூப்படையும் என்பதும் இடையருக்குத் தெரியாதா? ஒன்று மாண்டால் அதன் குட்டி அதன் இடத்தில் நிற்க வேண்டும், தொகை குறையலாகாது, உண்ணத்தக்கது பயன் மட்டுமே, முதல் அன்று. தனித்தனி ஆட்டின் அநித்தியத்தை முற்றும் ஒப்புக்கொண்டு, அதன்மேல் ஒரு நித்தியமான கடமையை அவர்கள் கட்டினார்கள். நிலைப்பது பொருளன்று, பொறுப்பு என்று கொண்டால், நிலையாமை பேசும் சமயத்துக்கும் நிலைத்தன்மை பேசும் பொருளாதாரத்துக்கும் பகை இல்லை. சொல்லப்போனால், தான் போய்விடுவோம் என்று உண்மையாக உணர்ந்தவனுக்கே, எதை விட்டுச் செல்கிறோம் என்ற விசாரம் தோன்றும்.

பிறவாதவனுக்கு எப்படிக் கடன்பட முடியும் என்ற ஐயத்தை ஆங்கிலத் தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் 1984-இல் மிகக் கூர்மையாக எழுப்பினார். நாம் இன்று வேறுவிதமாக நடந்துகொண்டால், பின்னால் பிறப்பவர்களும் வேறு மனிதர்களாகவே பிறப்பர். அப்படியிருக்க, நம் செயலால் தீங்குற்றவர் இன்னார் என்று யாரைச் சுட்டுவது? இதற்குத் தர்க்கம் இன்னும் முற்றான விடை தரவில்லை. ஆனால் நம் மரபு கடனைக் கொடுத்தவனிடமே திருப்பித் தரவேண்டும் என்று எப்போதும் கொள்ளவில்லை. பித்ருக்களுக்குப் பட்ட கடன் சந்ததியை வாழவைப்பதனால் தீர்கிறது என்பது பழைய கொள்கை. பெற்றது முன்னோரிடம், செலுத்துவது பின்னோரிடம். செலுத்தப்படுபவர் இன்னாரென்று அறியாமலேயே அக்கடன் செல்லுபடியாகிறது. கோயில் சொத்தின் தர்மகர்த்தாவும் நூறாண்டு கழித்துச் சன்னிதிக்கு வரும் பக்தனின் பெயரை அறியார். ஆயினும் அவனுக்கும் சேர்த்தே அந்தச் சொத்தைக் காக்கிறார். உடைமையின்மையைக் கீதையில் கற்ற காந்தியடிகள், உடைமையுள்ளவன் அதனை எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதை ஆங்கிலச் சட்டத்தின் தர்மகர்த்தாப் பொறுப்பிலிருந்து தெளிந்துகொண்டதாகத் தம் சுயசரிதையில் கூறுவது இங்கே நினைக்கத்தக்கது.

இவையெல்லாம் ஆகாயத்தில் நின்று பேசும் பேச்சல்ல என்பதற்குத் திருப்பூரும் நொய்யல் ஆறும் சாட்சி. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு ஏராளமாக வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், உப்போ ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பால் அது பிரியாது. பனியன் ஒன்றின் அடக்க விலையில் நூலும் சாயமும் கூலியும் மின்சாரமும் பைசா பைசாவாக இடம்பெற்றன. ஆற்றுக்குப் போன உப்பு எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்த நீர் தேங்க, கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். கழிவுநீரை வெளியே விடாமல் முழுதும் மீட்டுப் பயன்படுத்த வேண்டுமென்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு ஒரே நாளில் கேள்விக்குறியாயிற்று. பட்டறை நடத்தியவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்குவோரின் விலை நெருக்கடியில் தமக்குக் கற்பிக்கப்பட்ட அடக்கக் கணக்கை அவர்கள் பிழையின்றிப் போட்டார்கள். கணக்கே குறையுள்ளதாயிருந்தது. பின்னர் உப்பையும் நீரையும் பிரித்தெடுக்கும் ஆலைகள் அமைந்தபோது, ஆற்றின் பங்கும் விலையில் ஏறியது.

ஆதலால் வணிக அறம் என்ற தாளை எடுத்துவிட வேண்டுமென்பது என் கருத்தன்று. அடக்க விலையும் நிகழ்கால மதிப்பும் போதிக்கும் வகுப்புக்குள்ளேயே அது வந்து அமர வேண்டும். கழிவு வீதம் இன்னதென்று எழுதும் மாணவன், அதை ஏன் தேர்ந்தான், அத்தேர்வால் யாருடைய பங்கு எவ்வளவு சுருங்கியது என்பதையும் அதே விடைத்தாளில் எழுத வேண்டும். நிதி ஆசிரியரே அதைத் திருத்தி மதிப்பெண் இட வேண்டும். விடுமுறைப் பயிற்சிக்காக நிறுவனத்தின் அலுவலகத்தில் அமரும் மாணவர்கள், அந்நிறுவனத்தின் கழிவுநீர் சென்று சேரும் ஊரிலும் சில வாரங்கள் தங்கி, அங்குள்ளோரின் வரவு செலவையும் எழுதிவர வேண்டும். இதற்கு நிதி ஆசிரியர்கள் சிறிது தத்துவமும், தத்துவ ஆசிரியர்கள் சிறிது கணக்கும் பயில வேண்டியிருக்கும். குமரப்பாவின் அந்தச் சிறை நூல்கள் இரண்டையும் இரு திறத்தாரும் சேர்ந்து அமர்ந்து ஒரு பருவம் வாசிப்பதிலிருந்து தொடங்கலாம்.