மேட்டுக்குக் கீழே

பழைய அம்பாசடர் வைத்திருக்கிறீர்களா? 2014-ல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. விற்பதற்கு முன் உள்பக்கம் நாமே பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறீர்கள். சீட்டைக் கழற்றி, ரப்பர் மேட்டை உரித்தால்... துரு! வருஷக்கணக்கில் கசிந்த மழைத்தண்ணீரின் வேலை.

இப்போது இரண்டு வழி. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கம்பி பிரஷ், உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஓட்டை இருந்தால் வெல்டிங் வைத்து, ப்ரைமர் பூசி, அப்புறம் பெயின்ட். இடுப்பு ஒடிந்துவிடும். இன்னொன்று சுலபம். துருவின் மேலேயே ஒரு கோட் அடித்து, மேட்டைப் போட்டு மூடிவிடலாம். 'விற்கப்போற வண்டிதானே, யாரு பார்க்கப்போறா?'

யாரும் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால், சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அந்தத் தகரத்தில்தான் நிற்கின்றன. பெயின்ட்டுக்கு அடியிலும் துரு தின்றுகொண்டே இருக்கும். நாளை அந்த சீட்டில் உட்காரப்போவது உங்களுக்கு முகம் தெரியாத ஒரு குழந்தையாக இருக்கலாம்.

பொய் வாயால் மட்டும்தான் சொல்ல முடியுமா? பிரஷ்ஷாலும் சொல்லலாம். 'அவர் கேட்கலை, நான் சொல்லலை' என்பீர்கள். கேட்கத் தெரியாதவரிடம்தானே நம் நேர்மைக்குப் பரீட்சை?

தேய்க்கத் தெம்பில்லையா? பரவாயில்லை. பெயின்ட் டப்பாவை மூடி வையுங்கள். மேட்டைத் தூக்கிக் காட்டி, 'இங்கே துரு இருக்குங்க' என்று சொல்லி விலையைக் குறையுங்கள். அந்தப் பணத்தில் அவர் தகரத்தை மாற்றிக்கொள்வார்.